மெக்சிகோவில் மனை வாங்கும் முன் மனைவியின் கிரீன் கார்டைப் பாருங்கள்

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வந்தது. பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த இடம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுதியவருக்கு 64 வயது, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். மனைவிக்கு 61. பிப்ரவரியில் இருவரும் மெக்சிகோவின் சான் மிகுவல் தே அயெந்தே நகரத்தில் பத்து நாள் தங்கினார்கள். கல் பாவிய தெருக்கள், இளஞ்சிவப்புக் கல்லில் எழுந்து நிற்கும் தேவாலயம், மாலையில் பூங்காவில் உட்கார்ந்து பேசும் குடும்பங்கள், குளிரும் வெயிலும் அளவாக இருந்த பகல்கள், எல்லாம் பிடித்துப்போய்விட்டது. "முப்பது வருஷத்துக்குப் பிறகு நடந்தே கடைக்குப் போனேன்" என்று எழுதியிருக்கிறார். ஊருக்கு வெளியே, அத்தோத்தோனில்கோ போகும் வழியில் ஒரு மனை காட்டினார்கள். விலை மலிவு, சொந்தக் கிணறு உண்டு. அது எஹீதோ நிலமாம் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). வெளிநாட்டவர் மெக்சிகோவில் நிலம் வாங்க முடியாது என்பதால் அங்கே பழக்கமான ஒரு நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், நோட்டரி முத்திரையோடு பத்திரம் கிடைக்கும் என்கிறார் தரகர். இந்த மாதக் கடைசிக்குள் 5,000 டாலர் முன்பணம் வேண்டும். ஹூஸ்டன் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம், டூரிஸ்ட்டாக 180 நாளுக்கு ஒருமுறை வெளியே வந்து போனால் போதும், வைத்தியத்துக்கு மெடிகேர், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு, இருக்கிறது என்பது அவர் கணக்கு. மகன் "மெக்சிகோவா, சுட்டுவிடுவார்கள்" என்கிறார். கடைசியில் ஒரு வரி: "என் மனைவி இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும்தான். ஊரில் அவள் அப்பா எழுதி வைத்த நிலம் இருக்கிறது, ஆங்கிலப் பரீட்சைக்கும் பயம், அதனால் மாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்கு இதில் பெரிய ஆர்வமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை."

சார், உங்களுக்கு ஆசை வந்ததில் எந்தத் தவறும் இல்லை. 1937ல் ஸ்டெர்லிங் டிக்கின்சன் என்ற அமெரிக்கர் அந்த ஊரில் வந்து இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் அரசு கொடுத்த படிப்புதவிப் பணத்தில் ஓவியம் கற்க அங்கே போனார்கள். அதிலிருந்து தொடங்கி இன்றுவரை அமெரிக்க, கனடிய முதியவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 2008ல் ஊரும் அத்தோத்தோனில்கோ கோயிலும் சேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதனால் ஊர் அழகாகவே இருக்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறிவிட்டது, ஊருக்குள் நல்ல வீடுகளுக்கு டாலரில்தான் விலை சொல்கிறார்கள். அங்கே ஒரு மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் முதலில் ஏன் என்று கேட்க வேண்டும்.

நிலம் யாருடையது

வெளிநாட்டவர் மெக்சிகோவில் நிலம் வாங்க முடியாது என்பது பாதி உண்மைகூட இல்லை. 1917ல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 27வது பிரிவு, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும்தான் வெளிநாட்டவர் நேரடியாக உரிமையாளராக இருக்கக் கூடாது என்கிறது. அந்தப் பகுதியில் வாங்குபவர்கள், வங்கி தன் பெயரில் சொத்தை வைத்து அவர்களுக்காகப் பராமரிக்கும் அறக்கட்டளை ஏற்பாட்டின் வழியாக வாங்குகிறார்கள். சான் மிகுவல் நாட்டின் நடுவில் இருக்கிறது. அங்கே உங்கள் பெயரிலும் அம்மா (உங்கள் மனைவியைத்தான் சொல்கிறேன்) பெயரிலும் நேரடியாக வாங்கலாம். வெளியுறவு அமைச்சகத்திடம் ஓர் ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும்: இந்தச் சொத்து விஷயத்தில் என்னை மெக்சிகோ குடிமகனாகவே நடத்துங்கள், தகராறு வந்தால் என் நாட்டு அரசாங்கத்தைத் துணைக்குக் கூப்பிட மாட்டேன் என்று. அவ்வளவுதான்.

அப்படியென்றால் நண்பர் பெயர் எதற்கு? எஹீதோ நிலம் என்பதால்தான். மெக்சிகோ புரட்சிக்குப் பிறகு பெரிய பண்ணைகளை உடைத்துக் கிராமச் சமூகங்களுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் அது. தனிக் குடும்பத்துக்குப் பயிரிடும் உரிமை உண்டு, விருப்பம்போல வெளியாருக்கு விற்கும் உரிமை கிடையாது. 1992ல் சட்டத்தைத் திருத்தி, கிராமச் சபை கூடி ஒப்புக்கொண்டு விவசாய நிலப் பதிவகத்தில் நடைமுறைகளை முடித்தால் அதைத் தனியார் சொத்தாக மாற்றலாம் என்றார்கள். அந்த மாற்றம் முழுதாக முடியும்வரை வெளிநாட்டவர் அதை வாங்கவே முடியாது. நம் ஊரில் பஞ்சமி நிலத்தைத் தெரியாமல் வாங்கியவர்கள் கதை கேட்டிருப்பீர்கள், பணம் கொடுத்திருப்பார்கள், வீடுகூடக் கட்டியிருப்பார்கள், ஆனால் உரிமை மட்டும் வராது. கிட்டத்தட்ட அதே நிலைமைதான் இங்கேயும்.

தரகர் சொல்லும் பத்திரம் பெரும்பாலும் "உரிமை மாற்றிக் கொடுக்கிறேன்" என்று விற்பவர் எழுதும் தாள். அதில் ஒரு முத்திரை இருந்தால் கையெழுத்து அவருடையதுதான் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. இன்னொரு விஷயம், மெக்சிகோவின் நோட்டாரியோவை நம் கோர்ட் வாசலில் முத்திரை போடும் நோட்டரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் மூத்த வழக்கறிஞர், மாநில அரசு நியமிக்கும் பதவி, சொத்துப் பரிமாற்றத்துக்கு அவர் பொறுப்பேற்கிறார், வரியை வசூலித்துக் கட்டுவதும் அவர்தான். அவரைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரின் உரிமை. உங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது என்றால் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் உடனிருக்க வேண்டும்.

நண்பர் பெயரில் வாங்குவதைப் பற்றி நீங்கள் "அவர் நல்ல மனிதர்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும். அவர் இறந்தால் சொத்து அவர் பிள்ளைகளுக்கு, விவாகரத்து ஆனால் மனைவிக்கும் பங்கு, கடன் பட்டால் கடன் கொடுத்தவருக்கு. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தை ஏமாற்றத்தான் இவர் பெயரைப் பயன்படுத்தினேன் என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அவருடைய நல்ல குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கிணறு பற்றியும் ஒரு வார்த்தை. அந்த வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டார்கள், ஆழம் போகப் போக ஃப்ளோரைடும் ஆர்செனிக்கும் கலந்து வருகிறது. தருமபுரிப் பக்கம் பிள்ளைகளின் பல்லில் கறை பார்த்திருப்பீர்கள், அதே ஃப்ளோரைடுதான். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றிச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வேண்டும். பெரிய கேனில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது அங்கே சாதாரணம்.

அம்மாவின் கிரீன் கார்டு

உங்கள் கடிதத்தில் கடைசி வரியாக இருப்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். நீங்கள் குடிமகன், பத்து வருடம் மெக்சிகோவில் இருந்தாலும் அமெரிக்கா உங்களைத் திரும்ப உள்ளே விடும். கிரீன் கார்டு அப்படிப்பட்டதல்ல. அது அமெரிக்காவில் வாழ்வதற்கான அனுமதி. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தாலே கேள்வி வரும். ஒரு வருடம் தாண்டினால், முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கியிருக்காவிட்டால், கார்டு போனதாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த அனுமதிக்கான மனுவையும் அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள், ஹூஸ்டன் வீட்டை விற்றுவிட்டு, சாமான் எல்லாம் மெக்சிகோவில் இருக்கும்போது "நான் இங்கேதான் வாழ்கிறேன்" என்று விமான நிலைய அதிகாரியிடம் எப்படிச் சொல்வார்? நாளைக்கு மகனுக்குக் குழந்தை பிறந்தால் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும், அல்லது உங்களுக்கே உடம்பு முடியாமல் ஹூஸ்டன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அம்மா எல்லையில் நிற்கக் கூடாது.

அவர் குடியுரிமை எடுக்காததற்கு நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களும் திருத்தக்கூடியவை. 55 வயது தாண்டி, கிரீன் கார்டோடு 15 ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. வரலாறு, ஆட்சிமுறை பற்றிய கேள்விகளையும் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழிலேயே பதில் சொல்லலாம். கடிதத்தில் அவர் கார்டு வாங்கி 19 வருடம் என்று இருக்கிறது, ஆகவே தகுதி உண்டு. இரண்டாவது நிலம். அவர் அப்பா இந்தியாவில் வாழ்ந்தவர், அவர் உயிலில் எழுதி வைத்த நிலத்தை அம்மா வெளிநாட்டுக் குடிமகளான பிறகும் தன் பெயரில் வைத்திருக்கலாம். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்ளலாம். புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் முடியாது. விற்கும்போது யாருக்கு விற்கலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு, அதை அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டை விடுவது அவருக்குச் சட்ட விஷயம் மட்டும்தானா என்று நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். "ஆர்வமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை" என்று நீங்கள் எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். நாற்பது வருடமாக உங்கள் வேலைக்காக ஊர் மாறி ஊர் மாறி வந்தவர் அப்படிச் சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் பெயர். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மெக்சிகோவில் எல்லோருக்கும் அப்பா வழிக் குடும்பப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று. நம் பக்கம் இனிஷியல். திருமணச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்து ஒரு பெயர், கிரீன் கார்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரே என்று மூன்று விதமாக இருக்கும். குடும்ப அடிப்படையில் அவருக்கு விசா கேட்கும்போது திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது இந்தியச் சான்றிதழ் என்பதால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை, வேண்டும், பிறகு ஸ்பானிய மொழிபெயர்ப்பு. இந்த வேலைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், எனவே பெயர்களை இப்போதே ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியுரிமை வாங்கும்போது பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளவும் வாய்ப்பு கிடைக்கும்.

டூரிஸ்ட்டாகவே இருந்துவிடலாமா

முடியாது என்று சொல்லவில்லை, வாழ்க்கை அமைக்க அது வழியில்லை. 180 நாள் என்பது அதிகபட்சம், எத்தனை நாள் என்று முடிவு செய்வது நுழைவு அதிகாரி. முன்பு கேட்காமலே முழு அளவைக் கொடுத்தார்கள், இப்போது திரும்பும் டிக்கெட்டைப் பார்த்துக் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. சரியான வழி தற்காலிகக் குடியிருப்பு விசா. பொதுவாக அதை மெக்சிகோவுக்கு வெளியே, தூதரகத்தில்தான் கேட்க வேண்டும், ஹூஸ்டனிலேயே அவர்களுடைய துணைத் தூதரகம் இருக்கிறது. ஓய்வூதிய வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். விசா வந்ததும் 180 நாளுக்குள் உள்ளே போய், போன 30 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு வருடம், பிறகு நீட்டித்து மொத்தம் நான்கு வருடம், அதன் பின் நிரந்தரம். காட்ட வேண்டிய தொகையைப் பல ஆண்டுகளாக அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை வைத்தே கணக்கிட்டு வந்தார்கள், 2019க்குப் பிறகு கூலி வேகமாக ஏறியதால் தொகையும் ஏறிவிட்டது. பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன தொகையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வருமானத்தை டாலரில் வாங்கிப் பெசோவில் செலவழிக்கப் போகிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2020 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 25 பெசோ வரை கிடைத்தது. 2024 ஏப்ரலில் 17க்கும் கீழே வந்தது. மாதம் 3,000 டாலர் என்றால் 75,000 பெசோவாக இருந்தது 51,000க்கும் குறைந்துவிட்டது, நான்கே வருடத்தில்.

மெடிகேர் எல்லையைத் தாண்டாது

மெக்சிகோவில் நடக்கும் சிகிச்சைக்கு, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, மெடிகேர் பணம் தராது. "அப்படியானால் எதற்குப் பிரீமியம்" என்று, மெடிகேரில் மருத்துவர் கட்டணங்களுக்கான பிரிவான பார்ட் பி-யை விட்டுவிடாதீர்கள். வேலையும் அதனோடு வந்த காப்பீடும் முடிந்த பிறகு சேராமல் விட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும், அந்தக் கூடுதல் வாழ்நாள் முழுக்கத் தொடரும். வெளிநாட்டில் இருந்தேன் என்பது காரணமாக ஏற்கப்படாது. உங்களுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை, அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். பெரிய அறுவை சிகிச்சைக்கு ஹூஸ்டன் வந்து போகும் வழி திறந்திருப்பது நல்லது.

மெக்சிகோவின் அரசுக் காப்பீட்டில் குடியிருப்பு அட்டை உள்ளவர்கள் பணம் கட்டிச் சேரலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள சில நோய்களைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுப்பார்கள், சில அறுவை சிகிச்சைகளுக்கு வருடக்கணக்கில் காத்திருப்புக் காலமும் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் அமெரிக்காவைவிடக் குறைவு, நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள், பெரிய வசதிகளுக்குக் கெரெத்தாரோ நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும்.

மகனின் பயத்தைப் பற்றி: அதைத் தள்ளிவிடாதீர்கள். சான் மிகுவல் இருக்கும் குவானஹுவாட்டோ மாநிலத்தில் சமீப ஆண்டுகளில் கொலைகள் மிக அதிகம், செலாயா, சலமான்கா பக்கங்களில் குழுச் சண்டை கடுமையானது. சான் மிகுவல் ஒப்பிட்டால் அமைதியான ஊர், தீவு அல்ல. அங்கே வாழ்பவர்கள் ஊர்விட்டு ஊர் பகலில், கட்டணச் சாலையில் போகிறார்கள், இரவில் கார் எடுப்பதில்லை. ஊருக்கு வெளியே தனி மனையில் இருட்டிய பிறகு நீங்கள் இருவர் மட்டும் இருப்பதை யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே அந்த மனையை வேண்டாம் என்று சொல்லப் போதும்.

சரி, என்னதான் செய்யலாம்? ஹூஸ்டன் வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் நீங்கள் குடியிருந்த வீடு என்றால் தம்பதியாக 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி விலக்கு உண்டு, அதனால் மூன்று வருடத்துக்குள் விற்றாலும் அந்தச் சலுகை போகாது. இந்த மாதமே அம்மா சம்மதித்தால் குடியுரிமை மனு. அது நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மாதம், சான் மிகுவலில் வாடகை வீட்டில் இருங்கள். அதற்கு டூரிஸ்ட் அனுமதியே போதும், கிரீன் கார்டுக்கும் கேடில்லை.

ஒருமுறை டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஊர் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம், நம் குன்னூரைப் போல. இரவில் நடுங்கும், பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது, கல் சுவர் பகலெல்லாம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். இன்னொருமுறை ஆகஸ்ட், செப்டம்பரில், மழையில் அந்தக் கல் தெருக்களில் அம்மாவின் மூட்டு என்ன சொல்கிறது என்று பார்க்க. செப்டம்பர் கடைசியில் ஊரின் காவல் புனிதர் மிக்கேலுக்குத் திருவிழா, விடியற்காலை நான்கு மணிக்கு வெடி தொடங்கும். பிடித்திருந்தால் அந்த ஊர் உங்களுக்குத்தான்.

சாப்பாட்டில் நீங்கள் இருவரும் சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு, சோற்றில் கோழிச் சாறு, கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள், "சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று சொல்லிப் பழகுங்கள். சந்தையில் புளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் தாராளமாகக் கிடைக்கும், வீட்டுச் சமையலுக்குக் குறையிருக்காது. அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று அங்கே வீட்டுக்கு வீடு வியாகுல மாதாவுக்குப் பீடம் அலங்கரிப்பார்கள். அதற்காகச் சட்டியில் கோதுமையை இருட்டில் முளைக்கப் போட்டு, வெளிறிய தளிரோடு கொண்டுவந்து வைப்பார்கள், நம் முளைப்பாரியேதான். பார்க்க வருகிறவர்களுக்குப் பழச்சாறு கொடுப்பார்கள், தெரியாத வீடானாலும் உள்ளே போகலாம். பிப்ரவரியில் நீங்கள் பார்த்த ஊரைவிட இதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

இந்த இரண்டு தங்கலுக்கும் பிறகு இருவருக்கும் மனம் இருந்தால் விசா, அதன் பின் ஒரு வருட வாடகை, அதற்குப் பிறகே வீடு. வாங்கும் நாளில் மூன்று விஷயங்கள்: பதிவகத்தின் வில்லங்கச் சான்று இல்லாமல் பணம் நகரக் கூடாது. பத்திரத்தில் உண்மை விலையைக் குறைத்துக் காட்டச் சம்மதிக்காதீர்கள், விற்கும்போது அந்த வித்தியாசம் முழுக்க லாபமாகி வரி உங்கள் தலையில் விழும். யாருக்காவது அதிகாரப் பத்திரம் கொடுக்க நேர்ந்தால், அதில் சொத்தை விற்கும் அதிகாரம் சேர்ந்திருக்கிறதா என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து வரிவரியாகப் பாருங்கள். வீடு வாங்கியதும் அங்கேயே ஒரு உயில், அமெரிக்க உயிலை மெக்சிகோவில் செல்லுபடியாக்க உங்கள் மகன் அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு செப்டம்பரும் அங்கே உயில் மாதம், நோட்டாரியோக்கள் கட்டணத்தைக் குறைத்து எழுதித் தருவார்கள்.

தரகருக்கு இன்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இந்த மனைக்குத் தனியார் சொத்தாகப் பதிவான பத்திரத்தின் நகலை அனுப்புங்கள், என் நோட்டாரியோ பார்த்த பிறகு பேசலாம்." நகல் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வராவிட்டால் அந்த 5,000 டாலரில் அம்மாவின் குடியுரிமை மனுக் கட்டணமும் ஜனவரி வாடகையும் போக மிச்சமிருக்கும்.